தொண்ணூறு போதாது

புதன்கிழமை காலை பத்து மணி. அங்கன்வாடித் திண்ணையில் ஏழெட்டுத் தாய்மார்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் நீலப் பெட்டியைத் திறந்து, ஐஸ் பேக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுக்கிறார். ஒன்றரை வயதுப் பையனை மடியில் வைத்திருக்கும் ஓர் இளம் தாய் கேட்கிறார்: “ஒம்பது மாசத்துலயே அம்மை ஊசி போட்டாச்சே நர்ஸம்மா, திரும்ப எதுக்கு? போன தடவையே ஒரு வாரம் கழிச்சு ஜுரம் வந்து ரெண்டு நாள் படுத்துட்டான்.” செவிலியர் சொல்கிறார்: “அது மொத டோஸும்மா, இது ரெண்டாவது. இதையும் போட்டாத்தான் கணக்கு முடியும்.”

தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் புதன்கிழமைகளில் கேட்கக்கூடிய உரையாடல் இது. செவிலியரின் பதில் சரியானது. அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை. வரிசையில் இன்னும் ஆறு குழந்தைகள் இருக்கிறார்கள், பதிவேடுகள் காத்திருக்கின்றன. ஆனால் பெற்ற பிள்ளையின் கையில் ஊசி ஏறும்போது ‘ஏன்’ என்று கேட்கும் தாய்க்கு முழு விளக்கம் பெறும் உரிமை உண்டு. அந்தச் செவிலியர் சொன்ன ‘கணக்கு’ என்ன, அது எங்கே முடிகிறது என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

89 என்ற எண்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019–21) சொல்லும் தகவல் இது: தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாத வயதுள்ள குழந்தைகளில் 89.2 சதவீதம் பேர் முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். இந்தியாவின் சராசரி 76.4. முந்தைய சுற்றில் (2015–16) தமிழ்நாட்டின் எண் 69.7 ஆக இருந்தது. நான்கைந்து ஆண்டுகளில் இவ்வளவு தூரம் ஏறிவந்தது பெருமைப்பட வேண்டிய செய்தி. வெயிலிலும் மழையிலும் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்த செவிலியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

பள்ளித் தேர்வில் நூற்றுக்கு 89 வாங்கிய பிள்ளையை யாரும் குறை சொல்ல மாட்டோம். தட்டம்மை வைக்கும் தேர்வு வேறு மாதிரியானது. அதில் தேர்ச்சி மதிப்பெண்ணே 95. தொண்ணூறு வாங்கினாலும் தோல்விதான்.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஆய்வில் ‘முழுமை’ என்ற சொல்லுக்கு ஒரு வரையறை உண்டு. பி.சி.ஜி. ஒன்று, முத்தடுப்பு ஊசி மூன்று தவணை, போலியோ மூன்று தவணை, தட்டம்மை ஒரு தவணை. இவ்வளவும் போட்டிருந்தால் அந்தக் குழந்தை ‘முழுமை’. தட்டம்மையின் இரண்டாவது தவணை அதில் சேராது. ஆகவே 89 என்ற எண், அந்தத் தாய் கேட்ட இரண்டாவது ஊசியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

வென்றெடுத்தவை

தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, இளம்பிள்ளை வாதம். இந்தப் பெயர்களைக் கேட்டதும் நம் பாட்டிமார்களுக்கு ஏதோ ஒரு குழந்தையின் முகம் நினைவுக்கு வரும். பிழைத்த குழந்தையாக இருக்கலாம், போய்ச் சேர்ந்த குழந்தையாகவும் இருக்கலாம். இன்றைய இளம் தாய்மார்களில் பலருக்கு இவை வெறும் பெயர்கள். ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. தானாக நடந்துவிடவில்லை.

இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் 1978-ல் தொடங்கி, 1985-ல் அனைவருக்குமான திட்டமாக விரிந்தது. அப்போதுதான் தட்டம்மை ஊசியும் அதில் சேர்ந்தது. போலியோவின் கடைசி இயற்கை வைரஸ் நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. பச்சிளங்குழந்தைகளைக் கொன்றுவந்த ரணஜன்னி 2015-ல் ஒழிப்பு நிலையை எட்டியது. ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அறிமுகமானது. நியுமோகாக்கல் ஊசி 2021-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது.

உலக அளவில் பார்த்தால், 1974-க்குப் பிந்தைய 50 ஆண்டுகளில் தடுப்பூசிகள் 15 கோடியே 40 லட்சம் உயிர்களைக் காத்திருக்கின்றன என்று 2024-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. அதில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தட்டம்மை ஊசி ஒன்றே காத்திருக்கிறது. ஒரு நோய்க்கான ஊசி இவ்வளவு உயிர்களைக் காத்தது என்றால், அந்த நோய் எவ்வளவு உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது என்பதை நாமே கணித்துக்கொள்ளலாம். 1963-ல் தடுப்பூசி வருவதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள். 2023-லும்கூட ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். தடுப்பூசியே போடாதவர்கள், அல்லது பாதியில் விட்டவர்கள்.

பதினைந்து பேரில் பதினான்கு

இனி 95-க்கு வருவோம். அந்த எண் எங்கிருந்து வந்தது?

தட்டம்மை காற்றில் பரவும் நோய். நோயுற்ற குழந்தை இருமினாலோ தும்மினாலோ வெளிவரும் வைரஸ், அந்தக் குழந்தை அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அங்கே உயிரோடு இருக்கும். மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் காலை ஒன்பதரைக்கு ஒரு குழந்தை இருமிவிட்டுப் போகிறது. பதினொரு மணிக்கு அதே பெஞ்சில் வந்து உட்காரும் இன்னொரு குழந்தைக்கு, முதல் குழந்தையைப் பார்க்காமலேயே நோய் தொற்றலாம். எதிர்ப்பு சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியின் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். யாருக்குமே எதிர்ப்பு சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு. மனிதர்களைத் தாக்கும் நோய்களில் இவ்வளவு வேகமாகப் பரவுபவை மிகச் சில.

நடுவில் 15 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தை 15 குழந்தைகளுக்கு நோயைக் கொடுக்கப் பார்க்கிறது. அந்த 15 பேரில் 14 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால் ஒருவருக்கு மட்டும் பரவும். அந்த ஒருவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து வேறொருவர் என்று நோய் அணையாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். அது அணைய வேண்டுமானால் 15-ல் 14 பேரைவிடக் கூடுதலாகப் பாதுகாப்பு வேண்டும். பதினைந்தில் பதினான்கு என்பது 93.3 சதவீதம். ஊரில் நூற்றுக்கு 94 பேருக்கு உண்மையான பாதுகாப்பு இருந்தால்தான் நோய் நுழைந்தாலும் நிற்கும். இந்தக் கணக்கை எந்த அலுவலகமும் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. வைரஸின் பரவும் தன்மையே அதைத் தீர்மானிக்கிறது.

வேப்பிலை கட்டும் நேரம்

பெரியம்மையை ஒழித்த உலகம் தட்டம்மையை ஏன் இன்னும் ஒழிக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டையும் நாம் அம்மை என்றே அழைக்கிறோம். ஆனால் இரண்டின் நடத்தையும் வேறு.

பெரியம்மை, கொப்புளங்கள் தோன்றும் நேரத்தில்தான் மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கும். தட்டம்மை அளவுக்கு வேகமாகவும் பரவாது. நோயாளியைக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் உடனே தடுப்பூசி போட்டால் வேலி போட்டதுபோல் நோய் நின்றுவிடும். அந்த முறையில்தான் இந்தியாவில் 1975-ல் பெரியம்மை முடிவுக்கு வந்தது. 1980 மே மாதம் உலகம் முழுதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

தட்டம்மையோ உடம்பில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே பரவத் தொடங்கிவிடும். அப்போது குழந்தைக்குச் சாதாரண ஜலதோஷம்போல் சளி, காய்ச்சல், கண் சிவப்பு மட்டும்தான் இருக்கும். பள்ளிக்கும் போகும், பேருந்திலும் ஏறும், கல்யாண வீட்டில் நூறு பேர் கையிலும் மாறும்.

நம் வீடுகளில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் வருவதில்லை, வீட்டுப் பிள்ளைகள் வெளியே போவதில்லை. நோயாளிக்கு ஓய்வும் ஊருக்கு எச்சரிக்கையும் கொடுத்த நல்ல பழக்கம் அது. பெரியம்மைக் காலத்தில் அது பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் தட்டம்மையில் வேப்பிலை வாசலுக்கு வரும்போது, நோய் அந்த வாசலைத் தாண்டி நான்கு நாட்கள் ஆகியிருக்கும். நோய் வந்த பிறகு போடும் வேலி இங்கே பலிக்காது. வருவதற்கு முன்பே ஊர் முழுக்கப் போட்டிருக்க வேண்டும்.

ஏன் ஒன்பது மாதம், ஏன் இரண்டு முறை

தாயின் உடலிலுள்ள எதிர்ப்பொருட்கள் கருவிலேயே குழந்தைக்குச் சேருகின்றன. பிறந்த சில மாதங்களுக்கு அவைதான் குழந்தைக்குக் கவசம். ஆனால் தட்டம்மை ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் உடலில் கொஞ்சம் பெருகினால்தான் உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும். தாயின் எதிர்ப்பொருட்கள் நிறைய இருக்கும்போது ஊசி போட்டால், அவை தடுப்பூசி வைரஸையும் அழித்துவிடும். அதிகம் காத்திருந்தாலோ, தாயின் கவசம் கரைந்து ஊசியின் கவசமும் வராத இடைவெளியில் உண்மையான நோய் புகுந்துவிடும். நம் நாட்டில் சிறு வயதிலேயே நோய் தாக்கும் ஆபத்து இருப்பதால் ஒன்பது மாதம் முடிந்ததும் என்று தீர்மானித்தார்கள்.

அந்த வயதில் போட்டால் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் பாதுகாப்பு பிடிக்கும். மீதி 15 பேரிடம் தாயின் எதிர்ப்பொருட்கள் மிச்சமிருக்கலாம், அல்லது உடல் சரியாகக் கற்றுக்கொள்ளாமல் போயிருக்கலாம். யார் அந்தப் பதினைந்து பேர் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் எல்லோருக்கும் மறுபடி போடுகிறார்கள். இந்தியாவில் இந்த இரண்டாவது தவணை 2010-ல் தொடங்கியது.

இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தட்டம்மையின் இரண்டாவது தவணை, முதல் ஊசியின் பலன் தேய்ந்துபோனதால் போடும் ஊக்க ஊசி இல்லை. முதல் முறை பிடிக்காமல் போன குழந்தைகளுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. பெரும்பாலும் ஆயுள் முழுதும் பாதுகாப்பு தரும் இது. தொண்டை அடைப்பானின் கதை வேறு. அந்த ஊசி தரும் பாதுகாப்பு காலப்போக்கில் உண்மையிலேயே தேயும். அதனால்தான் ஒன்றரை வயதிலும், 5–6 வயதிலும், பிறகு 10, 16 வயதுகளிலும் மறுபடி போட வேண்டியிருக்கிறது. பள்ளியில் போடும் அந்த டி.டி. ஊசியை ‘இரும்பு கிழித்தால் போடுவது’ என்று நினைத்து விட்டுவிடுகிற பெற்றோர்கள் பலர். இப்போது போடப்படும் ஊசியில் ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்தே இருக்கிறது.

நூறு குழந்தைகளின் ஊர்

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு நூறு குழந்தைகள் பிறக்கும் ஒரு வட்டாரம். தொண்ணூறு பேருக்கு முதல் தவணை போட்டாயிற்று. இரண்டாவது தவணையை யாரும் கண்டுகொள்ளவில்லை. தொண்ணூறில் 85 சதவீதம் என்றால் 76 பேருக்குப் பாதுகாப்பு. ஊசியே போடாத 10 பேர், போட்டும் பிடிக்காத 14 பேர், ஆக 24 குழந்தைகள் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

அடுத்த ஆண்டு இன்னொரு 24. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. நான்கு ஆண்டுகளில் 96. கிட்டத்தட்ட ஓராண்டில் பிறந்த அத்தனை குழந்தைகளும் பாதுகாப்பில்லாமல் இருப்பதற்குச் சமம். நோய் கண்ணில் படாத அந்த நான்கு ஆண்டுகளும் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். வைக்கோல் சேர்ந்துகொண்டிருக்கும்; பொறி விழும் நாள் மட்டும்தான் பாக்கி. தட்டம்மை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திடீரென்று வெடிப்பதன் காரணம் இதுதான்.

இரண்டு தவணையும் தொண்ணூறு பேருக்குப் போனால், பாதுகாப்பு 88, 89 வரை உயரும். நல்ல முன்னேற்றம், ஆனால் 94-ஐ எட்டவில்லை. 95 பேருக்கு இரண்டு தவணையும் போனால்? முதல் தவணையில் 81 பேர், இரண்டாவதில் இன்னும் 13 பேர். மொத்தம் 94. செவிலியர் சொன்ன கணக்கு இங்கேதான் முடிகிறது. 95 என்ற இலக்கு அதிகாரிகளின் பேராசை இல்லை. அதற்கு ஓரிரு எண் குறைந்தாலும் வேலியில் திறப்பு விழுந்துவிடும்.

2023-ல் உலகில் முதல் தவணை பெற்ற குழந்தைகள் 83 சதவீதம், இரண்டாவது தவணை பெற்றவர்கள் 74 சதவீதம் மட்டுமே. அதன் விளைவு பணக்கார நாடுகளையும் விட்டுவைக்கவில்லை. 2000-ல் தட்டம்மையை ஒழித்ததாக அறிவித்த அமெரிக்காவில் 2025-ல் குழந்தைகள் அதனால் இறந்தார்கள். கனடா அதே ஆண்டு நவம்பரில் ஒழிப்புத் தகுதியையே இழந்தது. நமக்கு அருகில், 2019-ல் ஒழிப்புச் சான்று பெற்ற இலங்கையிலும் 2023-ல் தட்டம்மை மறுபடி தலைகாட்டியது. மும்பையின் கோவண்டி போன்ற நெரிசல் பகுதிகளில் 2022 இறுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் உயிரிழந்தது நம் நாட்டு அனுபவம்.

தடிப்பு மறைந்த பிறகு

“அம்மைதானே, தண்ணி ஊத்தினா சரியாயிடும்” என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. பல குழந்தைகளுக்குச் சரியாகவும் ஆகிவிடுகிறது. ஆனால் தட்டம்மையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தடிப்போடு சேர்ந்து அல்லது அதற்குப் பின்னால் வரும் நிமோனியாவும், வயிற்றுப்போக்கும், மூளைக் காய்ச்சலும். வைரஸ் உடம்பின் நோய் எதிர்ப்பு நினைவையே அழித்துவிடுகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் இரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அந்தக் குழந்தைகள் முன்பு சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருட்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்களை உடம்பு மறந்துவிடுகிறது. நோய் போன பிறகும் மாதக்கணக்கில் அந்தக் குழந்தை எந்தக் கிருமிக்கும் எளிதாக இரையாகும்.

ஆகவே தட்டம்மை ஊசி நிமோனியாவுக்கும் ஓர் ஊசிதான். பென்டாவேலன்ட்டில் உள்ள ஹிப் மருந்தும், நியுமோகாக்கல் ஊசியும் நுரையீரலை நேரடியாகத் தாக்கும் இரண்டு பாக்டீரியாக்களைத் தடுக்கின்றன. மூன்றும் சேர்ந்துதான் குழந்தையின் மூச்சைக் காக்கின்றன.

எந்தத் தடுப்பூசிக்கும் தப்பும் கிருமிகள் உண்டு. அதனால் ஒரு விஷயத்தை எல்லாப் பெற்றோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சளியும் இருமலும் உள்ள குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அல்லது அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்கக் கூடாது. அம்மை கண்ட குழந்தையானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை. அடுத்தடுத்த இரண்டு நாட்களில் தரப்படும் வைட்டமின் ஏ மருந்து கண்ணையும் உயிரையும் காக்கும்.

குப்பியின் மேல் ஒரு சதுரம்

மறுபடியும் அங்கன்வாடித் திண்ணைக்கு வருவோம். செவிலியர் கையிலெடுத்த குப்பியை உற்றுப் பாருங்கள். அதன்மேல் ஒரு சிறு வட்டம், அதற்குள் வெளிர்நிறச் சதுரம். குப்பி சூடுபடப் பட அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும் வரை மருந்து நல்லது. இரண்டும் ஒரே நிறமானால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து சேமிப்புக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டி, பிறகு இந்த நீலப் பெட்டி என்று 2 முதல் 8 டிகிரி குளிரில் அந்த மருந்து பயணம் செய்து வந்திருக்கிறது. வழியில் எங்காவது அந்தக் குளிர் விட்டுப்போயிருந்தால் சதுரம் காட்டிக்கொடுத்துவிடும்.

குப்பிக்குள் உலர்ந்த பொடி. அதோடு வந்த கரைப்பான் திரவத்தைச் சேர்த்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். திறந்த நேரத்தைச் செவிலியர் குப்பியிலேயே எழுதிவைக்கிறார். ஒருமுறை அழுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சால், வலது மேற்கையில் தோலுக்கு அடியில் போடுகிறார். பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார். வீட்டு வேலையை நினைத்து அவசரப்படும் தாய்மார்களுக்கு அந்த அரை மணி நேரம் வீணாகத் தோன்றும். அரிதாக ஏதாவது ஒவ்வாமை வந்தால் கையருகே மருந்தோடு ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது.

முதல் ஊசிக்கு ஒரு வாரம் கழித்துப் பையனுக்கு ஜுரம் வந்ததே, அதற்கும் விளக்கம் உண்டு. உள்ளே போன வலுவிழந்த வைரஸ் பெருகி, உடம்பு அதை எதிர்கொள்ளக் கற்றுக்கொள்ளும் நாட்கள் அவை. ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் சில குழந்தைகளுக்கு ஓரிரு நாள் காய்ச்சலோ இலேசான தடிப்போ வரலாம். தானே அடங்கிவிடும்.

அச்சத்துக்கு மதிப்பளிப்போம்

பயப்படும் பெற்றோரை ‘விவரம் தெரியாதவர்கள்’ என்று ஒதுக்குவது தவறு. அச்சத்துக்குக் காரணங்கள் இருந்திருக்கின்றன. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராகச் சென்று ஊசி போடும் முறை அப்போதைக்கு நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. பாதுகாப்பை நினைத்து எடுத்த முடிவு அது. ஆனால் வயல் வேலையை விட்டு, பேருந்து ஏறி, பல கிலோமீட்டர் போக எல்லாத் தாய்மாருக்கும் முடியவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2005–06 சுற்றில் 80.9 ஆக இருந்த தமிழ்நாட்டின் எண் 2015–16-ல் 69.7 ஆகச் சரிந்ததை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2017-ல் தட்டம்மைக்கும் ரூபெல்லா என்ற இன்னொரு வைரஸ் நோய்க்குமான ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகள் இங்கே எளிதாகப் பரவியதும் நினைவிருக்கும்.

பசிபிக் தீவு நாடான சமோவாவில் இதைவிடக் கொடுமை நடந்தது. 2018 ஜூலையில் ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். கரைப்பான் திரவத்துக்குப் பதிலாகத் தவறுதலாக வேறொரு மருந்தைக் கலந்ததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. தடுப்பூசியில் குறையே இல்லை. ஆனால் ஊசித் திட்டம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது. மக்களின் நம்பிக்கை போயிற்று. போட்டவர்கள் 31 சதவீதமாகக் குறைந்தார்கள். அடுத்த ஆண்டு தட்டம்மை வந்தது. ஏறக்குறைய இரண்டு லட்சம் மக்களே உள்ள அந்த நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோயுற்று, 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சிறு குழந்தைகள். டிசம்பரில் அரசு அலுவலகங்களை இரண்டு நாள் மூடிவிட்டு ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஊசி போடாதவர்கள் இருக்கும் வீடுகளின் வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். சில வாரங்களில் அந்த நாடு 95 சதவீதத்தை நெருங்கியது. கையின் தவறு இரண்டு உயிர்களை எடுத்தது. அதன்பின் எழுந்த அச்சத்தைக் காலத்தோடு தீர்க்காமல் விட்டது 83 உயிர்களை எடுத்தது.

இதில் அரசுக்கு உள்ள பாடம் தெளிவானது. தவறு நடந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, எப்படித் திருத்தினோம் என்பதை ஊர் மக்களிடம் நேரில் விளக்க வேண்டும். ஊசியை மக்களிடமிருந்து தூரமாகக் கொண்டுபோகக் கூடாது.

விடுபட்டவர்கள் யார்?

நூற்றில் விடுபடும் அந்தப் பத்துப் பேரில் பலர் ஊசி வேண்டாம் என்று சொல்பவர்கள் இல்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் மாறிப் போகும் குடும்பங்கள். மலைக் கிராமங்கள். கட்டுமான இடங்களில் தகரக் கொட்டகைகளில் வாழும் வெளிமாநிலத் தொழிலாளர்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போய் அங்கே முதல் ஊசிகளைப் போட்டுக்கொண்டு, புகுந்த வீடு திரும்பியதும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போகும் தாயும் சேயும். ஒன்பதாம் மாத ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே ஏழு மாத இடைவெளி. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது, தாய் வேலைக்குத் திரும்பிவிட்டார், அட்டை பீரோவுக்குள் போய்விட்டது. இரண்டாவது தவணை பெரும்பாலும் இப்படித்தான் தவறிப்போகிறது. இவர்களைத் தேடிப் போக வேண்டிய கடமை சுகாதாரத் துறைக்கு உண்டு. கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களைக் காலியாக விடாமல் இருப்பது அதன் முதல் படி.

நமக்கும் ஒரு சிறு வேலை இருக்கிறது. 2026-க்குள் தட்டம்மையையும் ரூபெல்லாவையும் ஒழிப்பது என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கு நம் வீட்டு பீரோவுக்குள் இருக்கும் அட்டையில்தான் நிறைவேற வேண்டும். இன்று இரவு குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 16 முதல் 24 மாதம் என்ற வரியில் தேதி எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால், குழந்தைக்கு இன்னும் ஐந்து வயது முடியாதவரை காலம் கடந்துவிடவில்லை. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இலவசம். வரும் புதன்கிழமை கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் அட்டையையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.